மின்வேதியியல் முறையில் அமோனியா நீக்கம்

மின்வேதியியல் முறையில் அமோனியா நீக்கம் என்பது கழிவுநீரில் கரைந்துள்ள அமோனியாவை மின்னோட்டத்தின் துணையுடன் நைதரசன் வளிமமாக மாற்றி வெளியேற்றும் முறையாகும். தோல் பதனிடும் ஆலைகள், உரத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கழிவுநீரிலும் குப்பைமேடுகளின் கசிவுநீரிலும் அமோனியா மிகுந்து காணப்படுகின்றது.

தேவை

நீரில் அமோனியா, அமோனியம் அயனியாகவும் அயனியாகாத அமோனியாவாகவும் உள்ளது. 25 °செ வெப்பநிலையில், பி.எச். மதிப்பு ஏறத்தாழ 9.25 ஆக இருக்கும்போது இரண்டும் சம அளவில் இருக்கும். அதற்கு மேல் அயனியாகாத வடிவம் மிகுகின்றது. மீன்களுக்குப் பெரிதும் நஞ்சாவது இவ்வடிவமே. இந்தியாவில் நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்பு, அமோனியா நைதரசனுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமும், அயனியாகாத அமோனியாவுக்கு 5 மில்லிகிராமும் ஆகும்.

செயல்முறை

இது இரு வழிகளில் நிகழ்கின்றது.

நேரடி ஆக்சிசனேற்றம்: அமோனியா நேர்மின்வாயின் பரப்பிலேயே எதிர்மின்னிகளை இழந்து நைதரசனாகின்றது. இது மெதுவாக நிகழ்வது.

மறைமுக ஆக்சிசனேற்றம்: நீரிலுள்ள குளோரைடு நேர்மின்வாயில் குளோரினாகி, நீருடன் சேர்ந்து ஐப்போகுளோரசு அமிலத்தைத் தருகின்றது. இவ்வமிலத்தின் 3 மூலக்கூறுகள் 2 அமோனியம் அயனிகளுடன் வினைபுரிய, ஒரு நைதரசன் மூலக்கூறு உருவாகின்றது. குளோரைடு மீண்டும் கிடைப்பதால் அது பெரும்பாலும் செலவழிவதில்லை. எதிர்மின்வாயில் ஐதரசன் வெளியேறுகின்றது.

உருத்தேனியம், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் பூசப்பட்ட தைட்டானியத் தகடுகளும் போரான் கலந்த வைரமும் நேர்மின்வாய்களாகப் பயன்படுகின்றன.

மின் தேவை

ஒவ்வொரு நைதரசன் அணுவும் 3 எதிர்மின்னிகளை இழக்க வேண்டும். எனவே 1 கிலோகிராம் அமோனியா நைதரசனை நீக்கக் கோட்பாட்டளவில் சுமார் 5,740 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. மின்னழுத்தம் 5 வோல்ட்டு எனில் இது ஏறத்தாழ 29 கிலோவாட்-மணியாகும். பக்க வினைகளால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

குறைபாடுகள்

குளோராமீன், நைத்திரேற்று, குளோரேற்று ஆகியன பக்க விளைபொருட்களாகத் தோன்றலாம். கரிமப் பொருட்கள் மிகுந்த நீரில் குளோரினேற்றம் பெற்ற கரிமச் சேர்மங்களும் உருவாகலாம். இம்முறை கரைந்த உப்பை நீக்குவதில்லை.

தமிழ்நாட்டுச் சூழல்

தோல் பதனிடுதலில் சுண்ணாம்பு நீக்க அமோனியம் உப்புகள் பயன்படுகின்றன. தோலைக் கெடாமல் காக்க இடப்படும் உப்பினால் இக்கழிவுநீரில் குளோரைடும் மிகுதி. உயிரியல் முறைக்கு இடையூறான இவ்வுப்பு மின்வேதியியல் முறைக்குத் துணையாகின்றது. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலை மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டது. மின்வேதியியல் ஆய்வுகளுக்கென 1948 இல் நிறுவப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் உள்ளது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் நிலை வேறு. அங்கு சாமை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. அக்கிழங்கு சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கின்றது. அவ்வாலைகளின் கழிவுநீர் அமிலத்தன்மையும் மிகுந்த கரிமப் பொருட்களும் கொண்டது. காற்றில்லா முறையில் சிதைக்கும்போது எரிவளி கிடைக்கின்றது; புரதத்திலிருந்த நைதரசன் அமோனியாவாக நீரில் எஞ்சுகின்றது. இதனை மின்பகுப்பால் நீக்க வெளியிலிருந்து உப்புச் சேர்க்க நேர்ந்தால், அந்நீர் பாயும் வயல் உவராகும். எனவே இத்தகைய நீருக்கு உயிரியல் முறையே ஏற்றதாகும்.