உரலும் உலக்கையும் உரைக்கும் பொருளாதாரம்



புதிய தொழில் எவ்வாறு தோன்றுகிறது, தோன்றிய தொழில் எவ்வாறு நிலைபெறுகிறது என்று ஆராய்வோர் பெரும்பாலும் மான்செஸ்டரையும் ஜப்பானையும் எடுத்துக்காட்டுவர். நாம் இன்று அவ்வளவு தொலைவு செல்லவேண்டுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைமீது ஏறினால் போதும். வல்வில் ஓரியின் மலை என்று இலக்கிய வகுப்பில் நீங்கள் அறிந்த மலையே அது. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, திருப்புலி நாடு எனப் பல நாடுகளைக் காணலாம். நாடு என்பது ஈண்டுப் பேரரசைக் குறிப்பதன்று. சிற்றூர்கள் சில சேர்ந்த பழம்பிரிவையே குறிக்கும். இந்நாடுகளில் இரண்டு பயிர்களுக்கிடையே நிகழ்ந்த போட்டி, பொருளாதார நூல் கூறும் உண்மைகள் பலவற்றை நமக்குக் கண்கூடாகக் காட்டுகிறது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பன்னெடுங்காலமாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைச் சரிவு நிலங்களில் பயிரிட்டு வந்தனர். மழையை நம்பிய இப்பயிர்களுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மழை குறைந்த ஆண்டிலும் ஏதேனும் ஒரு தானியம் கைகொடுக்கும். பல ஆண்டு பூச்சியரிக்காமல் சேமித்து வைக்கவும் அவை ஏற்றவை. இத்துணை நலம் வாய்ந்த பயிர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மரவள்ளி மலையேறியது. அஃது எவ்வாறு?

மரவள்ளி தென்னமெரிக்காவில் பிறந்தது. போர்த்துகீசியர் வழியாக மேலைக் கடற்கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனை மக்களிடையே பரப்பினார். ஆயினும் சேலம் வட்டாரத்தில் அது பெருந்தொழிலுக்கு மூலப்பொருளானது இரண்டாம் உலகப் போரின்போதுதான். அதுகாறும் ஜவ்வரிசி கீழ்க்கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரினால் கடல்வழி அடைபட்டது, ஜவ்வரிசியும் கிடைக்கவில்லை. சேலத்தைச் சேர்ந்த மீன் வணிகரான மாணிக்கம் செட்டியார், தொழில் நிமித்தம் கேரளம் சென்று வந்தவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் முறையை ஷா அறிந்திருந்தார். 1943இல் சேலத்தில் அத்தொழில் தொடங்கிற்று. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, அதன் பாலைப் படியவைத்து, ஈரமாவைக் குருணையாக உருட்டி வறுத்தெடுத்தனர். கைத்தொழிலாகத் தொடங்கியது நாளடைவில் ஆலைத் தொழிலாக வளர்ந்தது.

இங்கே ஒன்றை உற்றுநோக்குக. போர் தேவையை உண்டாக்கியது. ஆனால் தேவை மட்டும் தொழிலை உண்டாக்கிவிடவில்லை. செய்முறை அறிந்த ஒருவரும் முதலிடத் துணிந்த ஒருவரும் சந்திக்க வேண்டியிருந்தது. அருகிலேயே கிழங்கும் விளைய வேண்டியிருந்தது. தொழில் வளர்ந்தபின் வேறொரு முட்டுக்கட்டை தோன்றியது. சரக்கை வைக்கக் கிடங்கில்லை. அதன்மேல் கடன் பெற வழியில்லை. விலையோ இடைத்தரகர் கையில் இருந்தது. உற்பத்தியாளர் ஒன்றுகூடி 1981இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். கிடங்கும் முன்பணமும் முறையான விற்பனையும் அதன் வாயிலாகக் கிடைத்தன.

சமவெளி ஆலைகளின் தேவை மலையை எட்டியது. சாலை வழியே லாரி வந்தது. கிழங்கிற்கு ரொக்கப் பணம் கிடைத்தது. நியாயவிலைக் கடையில் அரிசி மலிவாகக் கிடைத்தது. 2011 முதல் தமிழகத்தில் அது விலையின்றியும் வழங்கப்பட்டது. எனவே உணவுக்காகச் சாமை விதைக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது. மலைமக்கள் அறியாமையால் பழம்பயிரைக் கைவிட்டனர் என்று சொல்வது பிழையாகும். கூட்டிக் கழித்துப் பார்த்தே அவர்கள் முடிவு செய்தனர்.

அந்தக் கணக்கில் வெளியார் கண்ணுக்குப் புலப்படாத ஒரு செலவும் இருந்தது. அது பெண்களின் உழைப்பு. கேழ்வரகை உமி நீக்காமலே மாவாக்கலாம். சாமையும் தினையும் பனிவரகும் அத்தகையனவல்ல. அவற்றின் மணியை வன்மையான உமி இறுகப் பற்றியிருக்கும். உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தால் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் ஒருவேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். வயலில் உழைத்துக் களைத்த பெண்ணே வீட்டில் இதனையும் செய்தாள். நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்துவிட்டது, சிறுதானியத்திற்கு வரவில்லை. ஆகவே சாமை வயலில் தோற்றதைவிட உரலடியில் தோற்றதே மிகுதி எனலாம்.

இத்தகைய நிலை உலக வரலாற்றுக்குப் புதிதன்று. நீராவிப் பொறியில் ஆவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் அமைக்கும் எண்ணம் ஜேம்ஸ் வாட்டுக்கு 1765இல் தோன்றியது. 1769இல் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் அவருடைய பொறி தொழிற்களத்தில் இயங்கத் தொடங்கியது 1776இல்தான். ஆவி கசியாதபடி துல்லியமாகக் குடைந்த பேருருளை அதற்குமுன் கிடைக்கவில்லை. பீரங்கி குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் கண்ட முறையே அத்தடையை நீக்கியது. மாத்யூ போல்டனின் முதலும் தொழிற்சாலையும் துணைநின்றன. பதினோராண்டுக் காலம் அரிய எண்ணமொன்று ஓர் உருளைக்காகக் காத்திருந்தது. கொல்லிமலைச் சாமையோ உமி நீக்கும் பொறிக்காகக் காத்திருந்தது.

1988இல் சென்னையில் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இம்மலையில் பணியாற்றத் தொடங்கியது. அரிய விதைகளைத் திரட்டிக் காப்பதோடு அது நின்றிருந்தால், விதைகள் பெட்டியில் இருந்திருக்கும், வயலுக்கு வந்திரா. காத்தல், பயிரிடல், உண்ணல், விற்றல் ஆகிய நான்கையும் ஒரு சங்கிலியாக அந்நிறுவனம் கருதியது. ஊர்தோறும் விதை வங்கிகள் அமைந்தன. வீசி விதைப்பதற்கு மாறாக வரிசையில் விதைத்தால் விதை குறைவாகச் செலவாகும், களையெடுப்பும் எளிதாகும் என்று வயலிலேயே செய்து காட்டினர். மரவள்ளியைப் பகையாக எண்ணாமல் அதனோடு ஊடுபயிராகச் சிறுதானியம் விதைக்கும் முறையும் பரவிற்று. அரைவைப் பொறிகளும் உமி நீக்கும் பொறிகளும் ஊர்களுக்கு வந்தன. தன்னுதவிக் குழுவினர் அவற்றை இயக்கினர். அரிசியாகவும் மாவாகவும் சத்துமாவாகவும் ஆக்கி, உறையிலிட்டு, கொல்லிமலையின் பெயராலேயே நகரச் சந்தைக்கு அனுப்பினர்.

திட்டங்கள் எவ்வாறு திறம்படச் செயற்படும் என்பதற்கும் இதிலே பாடம் உண்டு. பொறியை வாங்கி ஊரில் இறக்கிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவோர் பலர். சிறுதானிய மணிகள் அளவில் மிகச் சிறியவை. வகைக்கு வகை வேறுபடுபவை. கல்லும் மண்ணும் கலந்த தானியத்தைப் பொறியிலிட்டால் அது பழுதாகும், குருணை மிகுதியாகும். மின்சாரம் தடைபட்டால் வேலை நிற்கும். பழுது பார்க்க மலையடிவாரத்திற்கு இறங்கவேண்டியிருந்தால் பொறி பல நாள் உறங்கும். ஆகையால் இயக்கப் பயின்றவரும், வரவு செலவு எழுதும் குழுவும், அரைப்பதற்குப் போதிய தானியமும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவற்றிற்குச் செலவிட்ட பணம் பயனற்றுப் போகும்.

இதனால் மரவள்ளி மறைந்துவிட்டதென்றோ, சிறுதானியம் முழு வெற்றி கண்டதென்றோ நான் கூறவில்லை. மலைச்சரிவுகளில் மரவள்ளி இன்றும் பசுமையாக நிற்கிறது; அது தரும் பணம் பல குடும்பங்களுக்குத் தேவையாகவும் உள்ளது. ஆனால் ஒரே பயிரை நம்பிய குடும்பம் அதன் விலை வீழும்போது தானும் வீழும். சாமைக்கும் தினைக்கும் சந்தை இருப்பின், தேர்ந்தெடுக்கும் உரிமை உழவரிடம் இருக்கும். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அப்புகழால் நகரங்களில் விலை உயரலாம். அவ்வுயர்வில் விளைவித்தவர் எவ்வளவு பெறுவார் என்பது, அவர்தம் சங்கத்தின் வலிமையைப் பொறுத்தது. ஆலைக்காரர் 1981இல் கண்ட உண்மை உழவருக்கும் பொருந்தும்.

மாணவர்களே, நாளை உங்களுட் சிலர் பொறியியலாராவீர்கள். சிலர் ஆட்சிப் பணி புரிவீர்கள். சிலர் தொழில் தொடங்குவீர்கள். ஒரு நல்ல முயற்சி முன்னேறாமல் நிற்பதைக் கண்டால், மக்கள் புதுமையை விரும்பாதவர் என்று விரைந்து தீர்ப்பளிக்காதீர்கள். அச்சங்கிலியில் எந்தக் கண்ணி இல்லையென்று தேடுங்கள். அது சாலையாக இருக்கலாம்; கடனாக இருக்கலாம்; சந்தையாக இருக்கலாம். உரலடியில் நிற்கும் பெண்ணிடம் எவரும் கேளாத கேள்வியாகவும் இருக்கலாம். ஆகவே அவரிடம் முதலில் கேளுங்கள்.