ஊவா மலைநாடும் பழைய மட்கலங்களும்

எழுத்தில்லா மக்களின் வரலாற்றை அறிவது எவ்வாறு? அரசர் கல்லிற் பொறித்தனர். புலவர் ஏட்டில் எழுதினர். காட்டைத் திருத்தியவரும் உலையேற்றியவரும் எழுதிவைத்தது யாதுமில்லை. ஆயினும், அவர்கள் உடைத்தெறிந்த பானையின் ஓடு எஞ்சியிருக்கிறது. மரம் உளுத்துப்போகும், இரும்பைத் துரு தின்னும், நன்கு சுட்ட ஓடோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தும் மீண்டும் மண்ணாவதில்லை.

தென்னமெரிக்காவில், இன்றைய பேரு நாட்டின் வடகரையில், கி.பி. முதல் எட்டு நூற்றாண்டுகளில் வாழ்ந்த மோச்சே மக்கள் இதற்கு நல்ல சான்று. அவர்கள் எழுத்து எதனையும் விட்டுச் செல்லவில்லை. குயவர் திகிரியும் அவர்களிடம் இருந்ததில்லை. களிமண்ணை அச்சுகளில் அழுத்தியே கலங்களைச் செய்தனர். தலைவரின் முகமும் பிணியாளர் தோற்றமும் போரும் வேட்டையும் அக்கலங்களில் உயிரோடு நிற்கின்றன. அவர்தம் வாழ்வை இன்று உலகம் அறிவது பெரிதும் அம்மண்ணின் வாயிலாகவே.

இலங்கையின் மலைநாட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கோப்பியும் தேயிலையும் வந்த 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் இம்மலைகள் மனிதர் காணாத வெறுங்காடாகவே கிடந்தன என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு. பண்டாரவளைக் குன்றுகளிற் கிடைத்த கற்கருவிகள் இங்கு வாழ்ந்த வேட்டைச் சமூகத்தின் தொன்மையைக் காட்டின. பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில் 2010ஆம் ஆண்டு நடைபெற்ற அகழாய்வு ஆதி இரும்புக்காலக் குடியிருப்பு ஒன்றன் தடயங்களை வெளிப்படுத்தியது.

இலங்கையில் அக்காலத்தை இனங்காட்டும் சிறப்பான கலம் கறுப்பு-சிவப்பு மட்கலமாகும். கலத்தைச் சூளையிற் கவிழ்த்து வைத்துச் சுடுவதால், காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கின்றன. காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கிறது. அநுராதபுரத்தின் அடிப்படைகளிலும், 1956, 1957ஆம் ஆண்டுகளில் அகழப்பெற்ற பொம்பரிப்புத் தாழிக்காட்டிலும், 1980இல் ஆராயப்பட்ட யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும் இது கிடைத்தது. கடலுக்கு அப்பால், 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டிய ஆதிச்சநல்லூரிலும் இவ்வகைக் கலமே தாழிகளோடு வெளிப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கலத்தைக் கொண்டு அதனைப் பயன்படுத்தியோர் பேசிய மொழியைத் துணிதல் இயலாது. பானை சுடும் முறை கடல் கடக்கும், கைமாறும், பல மொழியினருக்கும் பொதுவாகும். ஆதலின் ஓட்டை ஆதாரமாகக் காட்டி ‘இம்மண் எமதே’ என வழக்காடுவது ஆராய்ச்சியாகாது. அக்கால மக்கள் எங்கே குடியிருந்தனர், எதனை உண்டனர், எவரோடு உறவாடினர், இறந்தோரை எவ்வாறு போற்றினர் என்பவற்றையே ஓடு கூறும். அதுவே பெரும் செல்வம்.

அச்செல்வம் எளிதில் அழியக்கூடியது. ஓட்டின் சாட்சியம் பாதி அதன் உருவில். மறுபாதி அது கிடக்கும் மண்ணடுக்கில். இடம் பெயர்ந்த ஓடு நாவிழந்த சாட்சியாகும். தோட்டத்தில் கான் வெட்டும் தொழிலாளியின் மண்வெட்டியே பல வேளைகளில் அதனை முதலிற் காணும். தம் முன்னோர் கடல் கடந்து வந்த கதையை எழுதிவைக்க வாய்ப்பற்றுப் போன மக்கள் அவர்கள். எழுத்தில்லாதாரின் வரலாறு எத்துணை எளிதில் மறையும் என்பதை அவர்களை விட நன்கறிந்தோர் யார்? அவ்வோட்டை எடுத்தெறியாது, கிடந்தவாறே விட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். பெயர் தெரியாத பழங்குடிகளுக்கு இன்று செய்யக்கூடிய நீதி அதுவே.