கண்ணீரின் பயன் யாது?

பிறந்த குழவி வீறிட்டு அழுகின்றது. ஆயினும் அதன் கன்னத்தில் நீர் வழிவதில்லை. சில வாரங்கள் கழிந்த பின்னரே அழுகையோடு கண்ணீரும் சேர்கின்றது. தாயை அழைக்கக் குரல் ஒன்றே போதுமாயின் நீர் எதற்கு? அறிஞர் பலரை நெடுங்காலமாக ஆட்கொண்ட வினா இது. அவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே பிறர்க்குப் புலனாதல் மெய்ப்பாடு என்பது உரையாளர் தரும் விளக்கம். நகை முதல் உவகை ஈறாக எட்டினை எண்ணும் ஆசிரியர், அழுகையை இரண்டாவதாக வைக்கின்றார். அது தோன்றும் களங்களையும் நான்காக வகுக்கின்றார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலை தாழ்தல், வறுமை என்பனவே அவை. இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு எனின், அழுகைக்குக் காண்பார் ஒருவரும் வேண்டும் என்பது பெறப்படும்.

வள்ளுவரும் கண்ணீரை இருவேறிடங்களில் வைத்துப் பேசுகின்றார். அன்புடைமை அதிகாரத்தில் அஃது அன்புக்குச் சான்று. கொடுங்கோன்மை அதிகாரத்தில் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை. சிலப்பதிகாரத்திலோ, அவையில் வந்து நின்ற கண்ணகியிடம் யார் என வினவும் பாண்டியன், அவள் கண்ணீரைச் சுட்டியே வினவத் தொடங்குகின்றான். அவள் வழக்குரைக்குமுன் அவள் கண்கள் உரைத்துவிட்டன.

மேலை நாட்டார் சென்ற வழி வேறு. கண்ணீர் மூளையிலிருந்து வடியும் நீர் என்ற எண்ணம் கிரேக்கர் காலந்தொட்டு அங்கு நிலவியது. டென்மார்க்கில் பிறந்து ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் பயின்ற நீல்ஸ் ஸ்டென்சென் என்னும் இளைஞர், விலங்குகளின் தலைகளை அறுத்து ஆராய்ந்து, கண்ணுக்கு அருகிலுள்ள சுரப்பிகளே கண்ணீரைச் சுரக்கின்றன என்று 1662-இல் வெளியிட்டார். கண்ணை ஈரமாக வைத்திருப்பதே அதன் தொழில் என்பதும் அவர் கருத்து. ஊற்றுக்கண் இவ்வாறு புலப்பட்டது. துயருற்ற போது அது பெருகுவதேன் என்பது மட்டும் புலப்படவில்லை.

சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் இதனை ஆராய்ந்தார். பிறந்து 77 நாளான தம் குழந்தையின் கண்ணில் தம் சட்டைக் கையின் நுனி தற்செயலாகப் பட்டதனையும், அந்தக் கண் மட்டும் நீர் சொரிய, குழந்தை வீறிட்டு அழுதும் மற்றைக் கண் ஏறக்குறைய வறண்டே இருந்ததனையும் அவர் குறித்துள்ளார். அழும்போது கண்ணைச் சூழ்ந்த தசைகள் இறுகுவதால் நேரும் உடன்விளைவே கண்ணீர் என்றும், அதற்கெனத் தனிப்பயன் இல்லை என்றும் அவர் முடிவு கட்டினார்.

அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. பின்னாளில் பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், கிருமிகளைக் கரைக்கும் லைசோசைம் என்னும் நொதி கண்ணீரில் இருப்பதனை 1922-இல் அறிவித்தார். அவ்வாராய்ச்சிக்காக எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து கண்ணீர் சேர்த்தனர். அமெரிக்கரான வில்லியம் பிரே, உணர்ச்சியால் வரும் கண்ணீரில் வெங்காயத்தால் வரும் கண்ணீரினும் புரதம் மிகுதி என்று 1981-இல் காட்டினார். ராபர்ட் புரோவைன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளியது. அழும் முகங்களின் படங்களிலிருந்து கண்ணீரை மட்டும் நீக்கிக் காட்டியபோது, அம்முகங்களில் துயரம் குறைந்திருப்பதாகவே கண்டோர் உரைத்தனர். இசுரேல் நாட்டு வைசுமன் ஆய்வு நிலையத்தார், பெண்களின் கண்ணீரை முகர்ந்த ஆடவரிடம் வன்மம் 40 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டனர்.

கண்ணீர் காண்பாரை நோக்கியது என்ற முடிவிற்கே இவையெல்லாம் நம்மை இட்டுச் செல்கின்றன. இதனால் நம் முன்னோர் விஞ்ஞானத்தை அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுதல் முறையன்று. அவர்கள் சுரப்பியையும் நொதியையும் ஆராய்ந்தாரல்லர்; அழுவாரையும் காண்பாரையும் உற்று நோக்கினர்.

ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி வேண்டுவதே. ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். அழுவார்க்குக் காண்பார் இருந்தனர். தலைநகரின் அரசுக் குடியிருப்பிலோ ஒரு தந்தி வரும். இரண்டிரவு ரயிலில் கழித்து நாம் போய்ச் சேருமுன் அங்கே காடாற்று முடிந்திருக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நின்றது. இன்று செல்பேசித் திரையிலேயே இறுதி ஊர்வலத்தைக் காண்கின்றோம். ஆயினும் இங்கு நாம் வடிக்கும் கண்ணீரை அங்குள்ளோர் காண்பதில்லை.

அந்நாளில் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வந்து நிற்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் வீட்டுப் பெண்களுக்கு அவர் மொழி தெரியாது. கண்களைப் பார்த்தவுடன் திரும்பிச் சென்று, அடுப்பு மூட்டாத வீட்டிற்கு ரொட்டியும் பருப்பும் கொண்டு வருவார். மெய்ப்பாட்டியலுக்கு இதனினும் நல்ல உரையை நாம் கண்டதில்லை.

ஆயின், நம் ஆடவருள் பலர் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் நின்று அழுகின்றனர். பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதாம். அப்பிள்ளைகளோ கோடை விடுமுறைகளில் மட்டுமே பாட்டியைக் கண்டவர்கள். அவள் நமக்கு யாராக இருந்தாள் என்பதை அவர்கள் வேறு எவ்வாறு அறிவர்? நம் மொழியையும் நூல்களையும் அவர்களுக்குக் கற்பிக்கச் சங்கம் வைத்து உழைக்கின்றோம். அவர்கள் காண அழுவதற்கு மட்டும் நாணுதல் வேண்டா.