பழக்கச் சறுக்கல்

பழக்கச் சறுக்கல் என்பது, கைக்கொண்ட நற்பழக்கத்தை ஒருமுறை செய்யத் தவறுவதை அல்லது விட்டொழித்த தீய பழக்கத்தில் ஒருமுறை ஈடுபடுவதைக் குறிக்கும். பழைய நிலைக்கே முற்றிலும் திரும்பிவிடும் முழு வீழ்ச்சியிலிருந்து இது வேறானது. இந்த வேறுபாட்டை உளவியலில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மார்லட் (1941–2011).

பழக்கம் படியும் விதம்

ஒரு செயலை ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்தால், நாளடைவில் அச்சூழலே செயலைத் தூண்டிவிடும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய தேவை குறையும். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்டது, அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட நூல். முகச் சீரமைப்பு செய்துகொண்டவர்கள் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாளாகிறது என்றே அவர் எழுதினார்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த ஒரு செயலை ஒவ்வொருவரும் 12 வாரம் கடைப்பிடித்தனர். செயல் தன்னியல்பாகிவிட 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள். இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

சறுக்கலுக்குப் பின்

சறுக்கலைவிட, அதற்கு ஒருவர் கற்பிக்கும் காரணமே கேடு செய்கிறது என்பது மார்லட்டின் கருத்து. அவரும் ஜூடித் கோர்டனும் 1985-இல் வெளியிட்ட நூலில் இது விரிவாக விளக்கப்பட்டது. ‘என்னிடம் மனவுறுதியே இல்லை’ என்று பழியைத் தன் இயல்பின்மேல் போடுபவர், குற்றவுணர்வும் நம்பிக்கையிழப்பும் மேலிட, முயற்சியையே கைவிடுகிறார். அன்றைய சூழலைக் காரணமாகக் காண்பவர் எளிதில் மீள்கிறார்.

உணவுக் கட்டுப்பாட்டிலும் இதை ஒத்த போக்கு காணப்படுகிறது. பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் 1975-இல் வெளியிட்ட சோதனையில், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீம் சுவைக்கத் தரப்பட்டது. கட்டுப்பாடு இல்லாதவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ள, உணவைக் கட்டுப்படுத்துபவர்களோ மில்க்‌ஷேக் குடிக்காதபோது உண்பதைவிட அதிகமாக உண்டனர்.

மீளும் முறைகள்

ஆபத்தான சூழல்களை முன்கூட்டியே கண்டறிவது முதல் படி. எதிர்மறை உணர்வுநிலைகள், உறவுகளில் பிணக்கு, உடனிருப்போரின் வற்புறுத்தல் ஆகிய மூன்றையும் மார்லட் முதன்மையாகச் சுட்டினார். அடுத்தது, ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று திட்டமிட்டுக்கொள்வது: ‘காலையில் மழை பெய்தால் மாலையில் நடப்பேன்’ என்பது போல. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த இம்முறையை 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு பயனுள்ளதென உறுதிசெய்தது. தன்னைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் உதவும். 2007-இல் வெளியான ஆடம்ஸ், லியரி ஆய்வில், டோனட் தின்றபின் தம்மிடம் பரிவு காட்டும்படி சொல்லப்பட்ட, உணவைக் கட்டுப்படுத்துபவர்கள், பிறகு தரப்பட்ட மிட்டாயைக் குறைவாகவே உண்டனர்.

மாற்றுக் கருத்தும் வரம்பும்

புதிய பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் தரலாகாது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வலியுறுத்தினார். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பும் மதுவை முற்றிலும் விலக்குவதையே நெறியாகக் கொண்டுள்ளது. அடிமைப்படுத்தும் பொருள்களில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. புகையை விட்ட முதல் இரு வாரங்களுக்குள் ஒருமுறை புகைத்தவர்களில் பெரும்பாலோர் பழைய நிலைக்கே திரும்புகின்றனர். ஹெராயின் போன்ற போதைப்பொருளை விட்டிருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுவதால், ஒரே சறுக்கல் உயிரையும் பறிக்கக்கூடும். நடைப்பயிற்சி தவறினால் மறுநாள் தொடர்ந்தால் போதும். போதைப்பழக்கத்தில் சறுக்கியவருக்கு உடனடி மருத்துவ உதவி தேவை.