பழைய தங்கமலையும் ஷாங்காயும்

1980 ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவும் ஷாங்காயும் சகோதர நகரங்களாயின. அமெரிக்காவும் சீனாவும் முறையான தூதரக உறவு தொடங்கி அப்போது ஓராண்டுதான் கடந்திருந்தது. இந்த இணைப்பை முன்னின்று நடத்தியவர் சான் பிரான்சிஸ்கோவின் மேயர் டயான் ஃபைன்ஸ்டைன். 1978 நவம்பர் 27 அன்று மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அப்பதவிக்கு வந்தவர் அவர். அடுத்த ஆண்டே சீனாவுக்குப் பயணமானார்.

வெளிநாட்டு அரசுகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரம் அமெரிக்க நகரங்களுக்குக் கிடையாது. அது வாஷிங்டனின் வேலை. ஆனால் மக்களுக்கும் மக்களுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்று 1956-இல் அதிபர் ஐசனோவர் தொடங்கிய திட்டம் நகரங்களுக்குச் சகோதர நகரம் என்ற ஒரு வாசலைத் திறந்துவிட்டது. மாணவர் பரிமாற்றம், கலைக் கண்காட்சி, வணிகர் குழு என்று போகலாம், வரலாம். அரசியல் பேச வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் எழுதாத விதி. ஷாங்காய் உறவின் கதை, அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் கதையும்கூட.

சான் பிரான்சிஸ்கோவுக்குச் சீனா புதிதல்ல. 1849-இன் தங்க வேட்டைக் காலத்தில் தெற்குச் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் கலிபோர்னியாவைத் தங்கமலை என்றார்கள். சீன மொழியில் சான் பிரான்சிஸ்கோவின் பெயர் இன்றுவரை ‘பழைய தங்கமலை’தான். சீனத் தொழிலாளர் குடியேற்றத்தை அமெரிக்கா 1882-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1943-இல்தான் அச்சட்டம் நீங்கியது. இத்தனை உறவு குவாங்டோங்கோடு இருக்க, நகரம் கைகோத்தது ஷாங்காயோடு. காரணம் பூர்வீகம் அல்ல, துறைமுகமும் தொழிலும். தைவானின் தைபே அதற்கு முன்பே சான் பிரான்சிஸ்கோவின் சகோதர நகரமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரின் சீனர் பகுதியான சைனாடவுனில் அப்போது தைவான் பக்கம் சாய்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஒப்பந்தத்துக்கு முந்தைய மாதங்களில் சீனாவில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பெய்ஜிங் உயிரியல் பூங்காவில் மின்பணியாளராக இருந்த வெய் ஜிங்ஷெங், 1978 டிசம்பரில் ‘ஜனநாயகச் சுவர்’ என்று பெயர்பெற்ற மதிலில் ஒரு சுவரொட்டி ஒட்டினார். வேளாண்மை, தொழில், பாதுகாப்பு, அறிவியல் தொழில்நுட்பம் என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் நான்கு நவீனமயங்களை முன்வைத்திருந்த நேரம் அது. ஜனநாயகமே ஐந்தாவது, அது இல்லாமல் மற்ற நான்கும் நிற்காது என்று வெய் எழுதினார். 1979 மார்ச்சில் அவர் கைதானார். அக்டோபரில் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. டிசம்பரில் சுவரையும் மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் சகோதர நகர ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஃபைன்ஸ்டைன் மனித உரிமைக் கவலை இல்லாதவர் அல்லர். 1978-இல் தரம்சாலாவில் திபெத்தியத் தலைவர் தலாய் லாமாவைச் சந்தித்தார். 1979-இல் தலாய் லாமா முதன்முறையாக அமெரிக்கா வந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் அவரை வரவேற்றார். சீனப் பயணமும் இந்த வரவேற்பும் ஒரே ஆண்டில் நடந்தவை. முதலில் வணிகமும் பழக்கமும் வளரட்டும், சட்டத்தின் ஆட்சியும் உரிமைகளும் அதன் வழியே வரும் என்பது அவர் கடைசிவரை விடாத நம்பிக்கை.

வணிகமும் பழக்கமும் வளரத்தான் செய்தன. 1981 ஜனவரியில் பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய், சான் பிரான்சிஸ்கோ வழியாக நியூயார்க்குக்குச் சீன விமானம் பறக்கத் தொடங்கியது. 1983-இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் பழம்பொருள்கள் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. நகரின் விலங்குக் காட்சிச் சாலைக்குப் பாண்டாக்கள்கூடச் சில காலம் விருந்தாளிகளாக வந்து போயின. 1985-இல் ஷாங்காய் மேயரான ஜியாங் ஜெமினுக்கும் ஃபைன்ஸ்டைனுக்கும் ஏற்பட்ட பழக்கம், இருவரும் மேயர் பதவியை விட்ட பிறகும் நீடித்தது.

பிறகு வந்தது 1989. ஜியாங் அப்போது ஷாங்காய் நகரக் கட்சிச் செயலாளர். மறைந்த சீர்திருத்தத் தலைவர் ஹூ யாவ்பாங்குக்குப் புகழஞ்சலி வெளியிட முனைந்த ‘வேர்ல்ட் எகனாமிக் ஹெரால்ட்’ வார இதழின் ஆசிரியரை ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து இறக்கினார். ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றி, ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள் மீது ராணுவம் சுட்டது. ஷாங்காயில் ராணுவம் வரவில்லை. ஆனால் ஜூன் 6 அன்று தண்டவாளத்தை மறித்து நின்ற கூட்டத்தின் மீது ரயில் ஏறி ஆறு பேர் இறந்தார்கள். கொதித்த கூட்டம் ரயிலைக் கொளுத்தியது. கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூவருக்கு ஜூன் 21 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் இடையே இருந்தவை 15 நாள்கள். அதே மாதம் ஜியாங் ஜெமின் கட்சியின் பொதுச் செயலாளரானார்.

நகரத்துக்கும் நாட்டுக்கும் நடுவே போட்டிருந்த கோடு இத்தோடு அழிந்தது. துறைமுகம் பற்றியும் கண்காட்சி பற்றியும் பேசிப் பழகிய ஊர்த் தலைவரே இப்போது நாட்டின் தலைவர். 1992-இல் செனட்டரான ஃபைன்ஸ்டைன் அந்தப் பழக்கத்தைத் திபெத்துக்காகப் பயன்படுத்திப் பார்த்தார். தலாய் லாமாவின் கடிதங்களை ஜியாங்கிடம் கொண்டு சேர்த்தார். அந்தக் கடிதங்கள் எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் இட்டுச்செல்லவில்லை. கதவு திறந்திருந்தது என்பதையும், அதன் வழியே உரிமை எதுவும் உள்ளே போகவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அதே ஊர் எதிர்ப்பக்கக் குரலையும் தந்தது. சான் பிரான்சிஸ்கோவின் காங்கிரஸ் உறுப்பினர் நான்சி பெலோசி 1991-இல் தியானன்மென் சதுக்கத்திலேயே, ஜனநாயகத்துக்காக உயிர்விட்டவர்களின் நினைவாக ஒரு பதாகையை விரித்துப் பிடித்தார். சீனாவுக்கு நிரந்தர வணிகச் சலுகை தரும் மசோதா 2000-இல் வந்தபோது ஃபைன்ஸ்டைன் ஆதரித்தார், பெலோசி எதிர்த்தார். மசோதா செனட்டில் 83-க்கு 15 என நிறைவேறியது. வெய் ஜிங்ஷெங் அதற்கு முன்பே, 1997 நவம்பரில், அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். விடுதலை என்ற பெயரில் நாடுகடத்தல்.

சைனாடவுனின் நடுவே போர்ட்ஸ்மவுத் சதுக்கம் இருக்கிறது. முதியவர்கள் சீட்டும் சீனச் சதுரங்கமும் ஆடிப் பொழுதுபோக்கும் இடம். 1989-இல் பெய்ஜிங் கலை மாணவர்கள் நுரைப்பலகையாலும் காகிதக் கூழாலும் செய்து நிறுத்தி, ராணுவம் இடித்துத் தள்ளிய ‘ஜனநாயக தேவி’ சிலையின் வெண்கலப் பிரதி 1994-இல் அங்கே வைக்கப்பட்டது. பெய்ஜிங்கில் ஐந்து நாள் நின்ற உருவத்துக்கு, ஷாங்காயின் சகோதர நகரத்தில் நிலையான இடம் கிடைத்தது.

2024 ஏப்ரலில் மேயர் லண்டன் பிரீட் சீனா சென்றார். சுற்றுலாப் பயணிகள், விமானச் சேவை, பாண்டாக்கள் ஆகியவையே அந்தப் பயணத்தின் நோக்கங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பாண்டாக்களைக் கொண்டுவர ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1980-இன் சகோதர நகர ஒப்பந்தம் அப்போதும் நடப்பில் இருந்தது.