முந்தின ராத்திரிப் பேச்சு

வயிற்றில் ஆப்பரேஷன் செய்துகொள்ளப் போகிறவரிடம், "நாளைக்கு மயக்கம் தெளிஞ்சதும் உங்களுக்கு வலிக்கும்" என்று முந்தின ராத்திரியே சொல்லலாமா? நம்மவர்களைக் கேட்டால் கூடவே கூடாது என்பார்கள். பயந்துவிடுவார், பிரஷர் ஏறிவிடும், ஆப்பரேஷனே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவார். மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் ஸ்கூடாய்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சுல்தானா அமினா, இல்லாவிட்டால் சுல்தான் இஸ்மாயில். எந்த வார்டானாலும் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தபந்தம் பேசுவது ஒன்றுதான்: "சின்ன ஆப்பரேஷன், தூங்கி எழுந்தா முடிஞ்சிரும்." டாக்டரைத் தனியே மடக்கி, "அவருகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொள்வதும் உண்டு. எல்லாம் பாசத்தில் செய்வதுதான்.

சொல்லலாமா கூடாதா என்பதை ஒரு மயக்கமருந்து டாக்டர் சோதனை வைத்தே பார்த்துவிட்டார். அவர் பெயர் லாரன்ஸ் எக்பர்ட். இடம் பாஸ்டன் நகரின் மாஸசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. 1846 அக்டோபர் 16 அன்று ஈதர் மயக்கத்தில் ஆப்பரேஷன் செய்யலாம் என்று ஊரைக் கூட்டிக் காட்டியது இதே ஆஸ்பத்திரிதான். கத்தி படும் நேரத்து வலிக்கு அன்றைக்கே வழி பிறந்துவிட்டது. மயக்கம் தெளிந்தபின் வரும் வலியைப் பற்றி நோயாளியிடம் ஒழுங்காகப் பேசிப் பார்க்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்கு முன் வலியைக் காயத்தின் சமாசாரமாகவே பார்த்தார்கள். காயம் இவ்வளவு, ஆகவே வலி இவ்வளவு. 1940இல் நியூயார்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹார்டி, வுல்ஃப், குடெல் என்ற மூவர், நெற்றியில் கரி பூசி அதன்மேல் விளக்கின் சூட்டைப் பாய்ச்சி வலியை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். 'டோல்' என்று அளவுக்குப் பெயரும் வைத்தார்கள். பிறகு ஹார்டி இன்னொருவரோடு சேர்ந்து, பிரசவ வலியில் இருந்த பெண்களின் கையில் அதே சூட்டைக் காட்டி, எந்த வலி பெரிது என்று கேட்டார்கள். கை வெந்ததும் உண்டு. அந்தப் பெண்கள் இதற்கு ஏன் சம்மதித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காயக் கணக்கை உடைத்தவர் ஹென்ரி பீச்சர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் வேலை பார்த்த டாக்டர். படுகாயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். சுயநினைவோடு, பதில் சொல்லும் நிலையில் இருந்தவர்கள்தான். போர்க்களத்தை விட்டு உயிரோடு வெளியே வந்தாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு. அந்தக் காயத்துக்கு அவர்கள் கொடுத்த அர்த்தம் வலியையே மாற்றிவிட்டது என்று 1946இல் பீச்சர் எழுதினார். போர் முடிந்து அவர் மாஸசூசெட்ஸ் ஜெனரலுக்குத் திரும்பினார், மயக்கமருந்துத் துறையின் தலைவராக. எக்பர்ட் வேலை பார்த்தது அந்தத் துறையில்தான்.

வயிற்று ஆப்பரேஷனுக்கு வந்த 97 பேரை எக்பர்ட் குழு இரண்டாகப் பிரித்தது. எல்லாரையும் முந்தின ராத்திரி மயக்கமருந்து டாக்டர் வந்து பார்த்தார். எப்படி மயக்கம் கொடுப்பார்கள், எத்தனை மணிக்கு என்றெல்லாம் சொன்னார். 51 பேருக்கு அவ்வளவோடு சரி, பின்னால் வரும் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற 46 பேருக்கு அதைத்தான் விளக்கமாகச் சொன்னார்கள். எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும். அப்படி வலிப்பது வழக்கம்தான். தையலுக்கு அடியில் உள்ள தசை இறுகிப் பிடிப்பதால் வலி கூடுகிறது, உடம்பைத் தளர்த்தி மூச்சை மெதுவாக இழுத்தால் பிடிப்பு விடும். புரண்டு படுக்கும்போது வயிற்றை முறுக்காமல் கையையும் காலையும் ஊன்றித் திரும்ப வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் வலித்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், மருந்து இருக்கிறது. ஆப்பரேஷன் முடிந்த பிறகும் அதே டாக்டர் வார்டுக்கு வந்து இதையே திரும்பச் சொன்னார்.

யார் எந்தப் பிரிவு என்று ஆப்பரேஷன் செய்த டாக்டர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும் நாளை அவர்கள் வழக்கம்போலவே முடிவு செய்தார்கள். பேச்சைக் கேட்ட பிரிவுக்கு மோர்ஃபின் போன்ற மருந்து மற்றவர்களுக்கு ஆனதில் பாதிதான் ஆயிற்று. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். 1964இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் 'நோயாளிக் கல்வி' என்று சொல்லும் வேலைக்கு எண்ணிக்கையோடு ஆதாரம் காட்டிய முதல் தலைமுறைக் கட்டுரைகளில் ஒன்று.

இப்படி ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தால் ஐந்தே வருஷத்தில் உலகம் முழுக்க விற்றிருப்பார்கள். பேச்சை விற்க ஆளில்லை. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன், பெரிய ஆப்பரேஷன் ஆனவர்களையும் சீக்கிரமாக எழுப்பி, சாப்பிடவைத்து, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். முன்கூட்டியே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது அந்த முறையின் முதல் படி. முந்தின ராத்திரிப் பேச்சுக்குச் சரியான இடம் அப்போதுதான் கிடைத்தது.

நம் நாட்டில் கதை நம்பர் வழியாக வந்தது. வலியையும் காய்ச்சல், நாடித்துடிப்பு போலக் குறித்துவைக்க வேண்டும் என்று 1995இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேம்பல் என்ற டாக்டர் குரல் கொடுத்தார். மலேசியச் சுகாதார அமைச்சு 2008இல் அதைத் தன் ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவாகவே போட்டது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், பிரஷர் பார்த்த கையோடு, பூஜ்யம் முதல் பத்து வரை வலி எத்தனை என்று கேட்பது அதன்பின் வந்த வழக்கம். நான்கும் அதற்கு மேலும் சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். அமெரிக்காவில் பின்னால் இந்த நம்பர் துரத்தலே போதை மாத்திரைகளை அள்ளி எழுதவைத்தது என்று சண்டை கிளம்பி, 2016இல் அங்குள்ள மருத்துவச் சங்கம் இந்த ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லிவிட்டது. நாம் விடவில்லை. சரியென்றே நினைக்கிறேன், ஒரு குறையோடு.

குறை என்னவென்றால், கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் பதில். ஸ்கூடாய்ப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அந்தப் பக்கத்து ரினி தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியிலும் முத்தியாரா ரினி குடியிருப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரஸர் ஊசி போட்டால் போட்டதுதான். என்ன ஊசி, எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அப்படி வளர்ந்தவரிடம் போய் எத்தனை நம்பர் என்றால், "பரவால்ல மிஸ்ஸி, தாஹான் பண்ணிக்குவேன்" (பொறுத்துக்கொள்வேன்) என்றுதான் வரும். மிஸ்ஸியும் இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். வலியை அடக்கிக்கொண்டு இருமாமல், எழாமல் கிடப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும் என்பதை முந்தின நாளே சொல்லியிருந்தால் அவர் ஆறு என்றே சொல்லியிருப்பார்.

ஆப்பரேஷன் வலிக்கு முடிவு நாள் உண்டு. வருஷக்கணக்கில் முதுகுவலியோடு இருப்பவருக்கு? அவருக்கான பாடம் 2002இல் சிலாங்கூரின் செலாயாங் ஆஸ்பத்திரியில் பிறந்தது. டாக்டர் மேரி கார்டோசாவும் உளவியலாளர் சுபைடா ஜமில் ஒஸ்மானும், சிட்னியின் மைக்கல் நிக்கலஸோடு சேர்ந்து 'மெனாங்' என்ற இரண்டு வாரத் திட்டத்தை உருவாக்கினார்கள். வலி முழுக்கப் போய்விடும் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வது, நாள்தோறும் உடற்பயிற்சி, "இனி நான் உருப்படமாட்டேன்" என்ற நினைப்பைப் பிடித்து நிறுத்துவது, மாத்திரையை நம்பியே வாழாமல் இருப்பது, இவைதான் பாடம். 120 பேர் கலந்துகொண்டதில் ஒரு வருஷம் கழித்தும் முழு விவரம் கிடைத்த 70 பேரிடம் முன்னேற்றம் நிலைத்திருந்ததாக 2012இல் எழுதினார்கள். மேல்நாட்டு முறை நம் ஜனங்களுக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்துக்கும் அதில் ஓரளவு பதில் கிடைத்தது.

கடைசியாக ஒரு பொத்தான். பெரிய ஆப்பரேஷன் ஆனவர் கையில் சில வார்டுகளில் அதைக் கொடுப்பார்கள். வலிக்கும்போது அமுக்கினால் பம்ப் கொஞ்சம் மோர்ஃபினை ரத்தக்குழாயில் விடும். அமெரிக்க டாக்டர் பிலிப் செக்சர் 1971இல் விவரித்த கருவியின் வாரிசு அது. திரும்பத் திரும்ப அமுக்கினாலும் சில நிமிஷ இடைவெளி ஆகாமல் மருந்து இறங்காது. ஆனால் பெரிய பாதுகாப்பு நோயாளியின் தூக்கம். மருந்து கூடினால் தூங்கிவிடுவார், தூங்கினால் அமுக்கமாட்டார். அப்பா தூக்கத்தில் முனகுகிறாரே என்று பக்கத்தில் இருக்கும் மகள் பாசத்தில் அமுக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், மூச்சே மந்தப்பட்டுப்போகும். அதனால் இந்த ஒரு விஷயத்தை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. முந்தின நாள் மொத்தக் குடும்பமும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.