கூண்டுக் கோழியும் குழந்தையின் மூச்சும்: நாமக்கல் சமவெளியில் வைட்டமின் டி

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வைட்டமின் டி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது கோழிகளுக்காகத்தான். கூண்டில் வளரும் லேயர் கோழிக்குத் தீவனத்தில் வைட்டமின் டி3 கலக்காவிட்டால் சில வாரங்களில் முட்டையின் ஓடு மெலியும். பிறகு கோழியின் காலும் தளரும். பண்ணைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் இதே சத்து எவ்வளவு இருக்கிறது, ஆஸ்துமாவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விகள் வெகுகாலம் கழித்தே எழுந்தன.

நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரியில். அதுவரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்த நிலம், காவிரியை ஒட்டிய மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் தவிர, பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. நிலக்கடலை, சோளம், கம்பு, ஆமணக்கு விளைந்த காடுகளில் மனிதரும் ஆடும் கோழியும் பகலெல்லாம் வெளியில்தான் இருந்தார்கள். நாட்டுக்கோழி விடிந்ததும் பஞ்சாரத்திலிருந்து வெளியே வந்து குப்பையைக் கிளறித் தன் இரையைத் தேடிக்கொண்டது. ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டை இட்டால் அதுவே அதிகம்.

கைக்குழந்தைக்கு வெயில் காட்டும் வழக்கமும் இங்கே பழையது. பாட்டியோ அத்தையோ வாசலில் கால்நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்து, இளவெயிலில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு வெந்நீர் ஊற்றுவார்கள். தலை துவட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். இந்த வழக்கத்தின் ஒரு பாதி உடலுக்கு நல்லது. மறு பாதி மூச்சுக்குக் கேடு. மூடிய அறையில் போடும் புகை, இழுப்பு உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். வெயில் பாதியிலும் ஒரு குறை உண்டு. தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புறஊதாக் கதிர் காலை இளவெயிலில் மிகக் குறைவு. ஏறத்தாழ இதே வெயில் அடிக்கும் திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் சோதித்தபோது, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அடிக்கும் வெயிலில்தான் அது நன்றாக உருவாகிறது என்று தெரிந்தது. அப்படியானால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சத்தைக் கொடுத்ததில் பெரும்பங்கு வாசல் வெயிலுக்கு இல்லை. நடக்கத் தொடங்கியபின் உச்சிவேளையிலும் காட்டிலும் மேட்டிலும் சுற்றித் திரிந்ததே கொடுத்தது என்று கொள்வதே பொருத்தம்.

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு அறிவியலுக்குப் பிடிபட்டது 1919-ல். அந்த ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவின் மூலம் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயை வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெயால் குணப்படுத்திக் காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் கர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, ரிக்கெட்ஸ் பிடித்த குழந்தைகளைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துத் தேற்றினார். மீன் எண்ணெயில் இருந்த அந்தப் பொருளுக்கு 1922-ல் அமெரிக்காவின் மெக்காலம் வைட்டமின் டி என்று பெயரிட்டார். மருத்துவ உலகம் கொண்டாடிய இந்தக் கண்டுபிடிப்பைக் கோழி வளர்ப்போர் உடனே பிடித்துக்கொண்டார்கள். கூரைக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகள் கால் விளங்காமல் செத்துக்கொண்டிருந்தது அதுவரை அவர்களுக்குப் பெரும் தலைவலி. தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்த்ததும் அது தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் கோழிகளைக் கூரைக்குள் வைத்து ஆண்டு முழுவதும் வளர்க்கும் தொழில் பிறந்தது அதன் பிறகுதான்.

சென்னை மாகாணத்தில் சத்துணவு ஆய்வுக்குத் தலைமையிடம் குன்னூர். அங்கே ராபர்ட் மெக்காரிசன் 1920களில் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை உணவில் மெலிந்தன. சத்துக் குறைந்த உணவு தின்ற எலிகளுக்கு நுரையீரல் நோயும் குடல் நோயும் அதிகம் வந்ததையும் அவர் எழுதிவைத்தார். உணவும் மூச்சும் தொடர்புடையவை என்ற எண்ணம் தமிழ்நாட்டு ஆய்வகம் ஒன்றிலேயே அவ்வளவு காலத்துக்கு முன்பே முளைத்துவிட்டது என்பது கவனிக்கத் தக்கது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, மாகாண மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. சளியும் இருமலுமாக இருக்கும் பிள்ளைக்கு மீன் எண்ணெய் கொடுக்கும் பழக்கம் அடுத்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது.

நாமக்கல்லில் பண்ணைகள் பெருகியது 1970களிலிருந்து. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை என்ற நிலை, லாரித் தொழிலில் புழங்கிய பணம், எந்த ஊருக்கும் சரக்கு ஏற்ற ஆயத்தமாக நின்ற வண்டிகள், பக்கத்திலேயே கேரளச் சந்தை ஆகிய எல்லாம் சேர்ந்து இந்தத் தொழிலை ஊன்றின. புனேயில் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸ் நிறுவனம் குஞ்சு கொடுத்தது. அவர் முன்னின்று 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தபின், முட்டை விலையைச் சொல்லும் உரிமை வியாபாரியின் கையிலிருந்து பண்ணையாளரின் கைக்கு வந்தது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது.

இந்தத் தொழிலின் உயிர்நாடி தீவன அறை. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் ஆகியவற்றை அரைத்துக் கலக்கும்போது, கடைசியில் பிரீமிக்ஸ் என்ற சிறு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவார்கள். டி3 அதில்தான் இருக்கிறது. ஒரு டன் தீவனத்துக்குச் சேரும் டி3-யின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அது இல்லாமல் மற்றவற்றுக்குப் பலன் இல்லை. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் வைட்டமின் டி இல்லையேல் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும்; அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை இடும். காலையில் முட்டை பொறுக்குபவரின் விரலுக்கு ஓடு அமுங்கினால், பண்ணைக்காரர் முதலில் கேட்பது தீவனக் கலவையைப் பற்றித்தான்.

இந்த முட்டை தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தட்டுக்குச் சென்ற வழியும் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. காமராசர் காலத்து மதிய உணவு 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. கருணாநிதி ஆட்சியில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாக உயர்ந்து 2010-ல் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை என்றானது. பண்ணைகளுக்கு நிலையான சந்தை, ஏழைப் பிள்ளைக்கு நல்ல புரதம் என இரு தரப்புக்கும் நன்மை தந்த திட்டங்களில் இதற்கு ஈடு குறைவு.

ஆனால் வைட்டமின் டி கணக்கில் முட்டையை மட்டும் நம்ப முடியாது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 அலகு (IU) இருக்கும். குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவை 600 அலகு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வகுத்தது. வாரத்துக்கு ஐந்து முட்டை சேர்ந்தாலும் தேவையில் இருபதில் ஒரு பங்குதான். மீதியை வெயில் தர வேண்டும். பள்ளி, டியூஷன், தொலைக்காட்சி, செல்போன் என்று பகல் முழுதும் கூரைக்குள் கழிக்கும் பிள்ளைக்கு அந்த வெயில் கிடைப்பதில்லை. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த சத்துணவுக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 18 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி குறைவு காணப்பட்டது. பண்ணைக் கோழிக்கு ஏற்பட்ட அதே நிலை பிள்ளைகளுக்கும் ஏற்பட்டுவிட்டது; கோழிக்கு மட்டும் ஈடு செய்யப்படுகிறது.

ஆஸ்துமாவோடு இதை முடிச்சுப் போட்ட கருத்து 2007-ல் வலுப்பெற்றது. அமெரிக்க ஆய்வாளர்கள் லிடோன்ஜுவாவும் வைஸும், ஆஸ்துமா பெருகுவதற்கு வைட்டமின் டி குறைவு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 2009-ல் கோஸ்டாரிகாவில் ஆஸ்துமா உள்ள 616 பிள்ளைகளைச் சோதித்ததில், இச்சத்து குறைந்தவர்களே அதிகம் மருத்துவமனையில் சேர்ந்தது தெரிந்தது. அதுவும் நாமக்கல்லைப் போலவே வெயில் அடிக்கும் நாடு. ஆனால் இழுப்பு அதிகமுள்ள பிள்ளை வெளியே விளையாடப் போகாததால் சத்து குறைந்ததா, சத்து குறைந்ததால் இழுப்பு வந்ததா என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது. அதற்குச் சத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், கொடுத்தும் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு நாளும் 4,400 அலகு கொடுத்த அமெரிக்க ஆய்வில், மூன்று வயதில் குழந்தைகளுக்கு வீசிங் சற்றுக் குறைந்ததுபோல் 2016-ல் தெரிந்தது. ஆறு வயதில் வேறுபாடு இல்லை. ஆஸ்துமாவும் வைட்டமின் டி குறைவும் உள்ள 192 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நாளும் 4,000 அலகு கொடுத்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. கடும் இழுப்பு வருவதை அது தள்ளிப்போடவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2016-ல் பலன் உண்டு என்றது. புதிய ஆய்வுகளைச் சேர்த்து 2023-ல் பார்த்தபோது பலன் தெரியவில்லை என்றது.

ஆகவே இந்தச் சமவெளியில் பிள்ளைகளின் மூச்சைக் கெடுப்பவற்றைத் தேடினால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் வீடுகளில் விசைத்தறி ஓடும் அறையில் மிதக்கும் பஞ்சுத் தூசி, பண்ணைக் கொட்டகைகளில் எழும் இறகுத் தூளும் எச்சத்தின் நெடியும், விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, புகை கக்கும் வண்டிகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. பண்ணையிலேயே குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அந்தத் தூசியில் பிறந்து வளர்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வைட்டமின் டி-யை ஈடு செய்வதற்குச் செலவு அதிகமில்லை. தீவனத்தில் டி3-யைக் கூட்டினால் மஞ்சள் கருவிலும் கூடும் என்பது கோழி அறிவியலில் நிறுவப்பட்டது. சத்துணவுக்குப் போகும் முட்டையில் பாதுகாப்பான அளவுக்குள் இதைச் செய்ய அரசும் பண்ணையாளரும் முன்வர வேண்டும். கைக்குழந்தைக்கு முதல் ஆண்டு முழுவதும் நாளும் 400 அலகு சொட்டு மருந்து தர வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. வீசிங் உள்ள பிள்ளைக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக அதைச் சரிசெய்யுங்கள். மூச்சுக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.